புராஸ்டேட்டில் 9 மி.மீ. நீர்க்கட்டி: வெட்டவில்லை, மருந்தில்லை, கண்காணிப்பு மட்டும்

விலா வலிக்காக எடுத்த வயிற்று ஸ்கேன் அது. கல் இருக்கும் என்று சந்தேகப்பட்டோம், இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி இருந்தது: புராஸ்டேட்டின் நடுக்கோட்டில் 9 x 7 மி.மீ. நீர்க்கட்டி. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. 'கட்டி' என்று படித்ததுமே மனசு எங்கெல்லாமோ போய்விட்டது. விலா வலி வெறும் தசைப்பிடிப்பு, தானாகவே சரியானது. இந்த ஒரு வரிக்காகத்தான் யூராலஜி டாக்டரிடம் போனேன்.

அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "படம் இருக்கா?" என்று கேட்டார். திரையில் ஒரு கறுப்பு வட்டம். கறுப்பு என்றால் உள்ளே தெளிந்த திரவம். சுவர் மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கிறது. உள்ளே தடுப்போ சதைத் திரட்சியோ கிடையாது. வட்டத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு பட்டை வெளுப்பாகத் தெரிந்தது. ஒலி அலை திரவத்தில் அதிகம் தேயாமல் போவதால் அந்த வெளுப்பு வருமாம். "இதெல்லாம் சேர்ந்தா சாதாரண நீர்க்கட்டி. கேன்சர் இப்படி இருக்காது" என்றார். வேறு காரணத்துக்கு எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதுதான் பெரும்பாலும் இதன் கதை.

நடுக்கோடு என்பது ஏன் முக்கியம் என்று கேட்டேன். கரு வளரும்போது ஆண், பெண் இருவருக்கும் முல்லேரியன் நாளம் என்ற ஒரு ஜோடிக் குழாய் இருக்கும். பெண்ணில் அதிலிருந்து கருப்பை உருவாகிறது. ஆணில், விந்தகம் சுரக்கும் ஒரு ஹார்மோன் அதைக் கரைத்துவிடுகிறது. கொஞ்சம் மிச்சம் மட்டும் புராஸ்டேட்டின் நடுவில் தங்கும். அந்த மிச்சத்தில் நீர் சேர்ந்தால் நடுக்கோட்டுக் கட்டி. ஓரத்தில் வருபவை பெரும்பாலும் சுரப்பியின் சின்னக் குழாய்கள் அடைபட்டோ, வயதானபின் புராஸ்டேட் வீங்கும்போதோ உண்டாகிறவை. நடுவில் இருப்பதற்குப் பக்கத்திலேயே விந்து வெளியேறும் குழாய்கள் இரண்டும் போவதால், கட்டி பெரிதானால் அவற்றை அழுத்தலாம். அதனால்தான் அடுத்த கேள்வியாக, "குழந்தை இருக்கா? விந்தில் ரத்தம் வந்ததுண்டா? விந்தின் அளவு குறைஞ்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டார். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. எனக்கு அந்தக் கவலை இல்லாததால் அதோடு விட்டார்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். சிறுநீர் பற்றி ஏழு கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை இருந்தால் லேசான தொந்தரவு என்று அர்த்தம். இந்தப் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்குவதுதான் சந்தோஷம். கடைசியில் தனியாக ஒரு கேள்வி: இப்போது இருக்கும் இதே நிலைமையில் மிச்ச வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியிருந்தால் எப்படி உணர்வீர்கள்? அதை நிரப்பத்தான் ரொம்ப நேரம் ஆனது.

அப்புறம் யூரோஃப்ளோ. ஒரு புனல், கீழே கருவி, அதில் சிறுநீர் கழித்தால் வேகம் வரைபடமாக வரும். குறைந்தது 150 மி.லி.யாவது போனால்தான் அளவு நம்பத்தக்கது. அதனால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உச்ச வேகம் விநாடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்ததால் அடைப்புக்கு அறிகுறி இல்லை என்றார்கள். போய் முடித்ததும் சிறுநீர்ப்பையில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு சின்ன ஸ்கேன். விரல் வைத்து மலக்குடல் வழியாகச் சோதிப்பதும் உண்டு. சங்கடம்தான், ஆனால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு சின்ன நீர்க்கட்டி விரலுக்குப் பொதுவாகத் தட்டுப்படாது. கடினமான முடிச்சு வேறு ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம் என்றார். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது குணமாகிச் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் வீணாக ஏறிக் காட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் பாதியாக இறங்கிவிடும். மாத்திரை விவரத்தைச் சொல்லாமல் விட்டால் ரிப்போர்ட் ஏமாற்றும். எனக்கு இயல்பாகவே வந்தது, அதனால் எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

நிஜமான பதற்றம் மறு ஸ்கேனில் வந்தது. வேறு இடத்தில் எடுத்தேன், 11 மி.மீ. என்று எழுதியிருந்தார்கள். வளர்கிறது என்றே முடிவு செய்தேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். அளவு எடுத்த இடத்தில் இரண்டு சின்னப் பெருக்கல் குறி, நடுவில் புள்ளிக்கோடு. முதல் படத்தில் அந்தக் கோடு குறுக்காக ஓடியது. இரண்டாவதில் மேலிருந்து கீழாக. முதல் முறை நீளவாக்கில் அளக்கவே இல்லை. போதாததற்கு அப்போது சிறுநீர்ப்பை சரியாக நிரம்பாததால் படமும் மங்கல். இரண்டாவது ஸ்கேனின் குறுக்களவைப் பார்த்தால் அதே 9. "ரெண்டு மில்லிமீட்டரை வெச்சு வளர்ச்சின்னு சொல்ல மாட்டேன். அளக்கிற ஆள் மாறினாலே அவ்வளவு மாறும்" என்றார். இனி ஒரே இடத்தில், ஒரே முறையில், நிரம்பிய சிறுநீர்ப்பையோடு எடுக்கச் சொன்னார். படங்களை சிடியில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்திருந்தால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது.

"ஊசி போட்டு நீரை எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டும் பார்த்தேன். எடுக்கலாம், ஆனால் சுவர் அப்படியே இருப்பதால் திரும்ப நிரம்ப வாய்ப்பு உண்டு. தொற்று வரும் அபாயமும் சேரும். சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவி விட்டுக் கட்டியின் மேற்கூரையை வெட்டித் திறக்கிற சிகிச்சை இருக்கிறது. அது அடைப்பு, திரும்பத் திரும்ப வரும் தொற்று, வலி, குழந்தையின்மை என்று தொந்தரவு கொடுக்கும் கட்டிகளுக்கு. தொந்தரவே இல்லாத கட்டிக்கு அதைச் செய்தால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்புகிற புதுத் தொந்தரவு வரலாம்.

இத்தனை சிறிய, தெளிவான கட்டிக்குத் தொடர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. என் மன நிம்மதிக்காகவும் சேர்த்துத்தான் ஒரு வருடம் கழித்து ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குள் விந்திலோ சிறுநீரிலோ ரத்தம் தெரிந்தாலும், எரிச்சலோ, சிறுநீர் முக்கி முக்கிப் போவதோ தொடங்கினாலும் தேதிக்குக் காத்திருக்காமல் வரவேண்டும். குளிர்காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல் வந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு.