பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல்: செய்து பார்த்த குறிப்புகள்

எடுத்துக்கொண்டது உள்விட்டம் 14 செ.மீ., உயரம் 13 செ.மீ. உள்ள, இரண்டு லிட்டர் கொள்ளும் பித்தளைப் பாத்திரம். எடை 1.2 கிலோ. பழைய பூச்சு அடியில் முழுக்கத் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. இந்த நிலையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் செம்பும் துத்தநாகமும் கரைந்து உணவில் இறங்கும். பச்சைக் களிம்பும் பிடிக்கும். புளிப்பை நன்றாகத் தாங்குகிற வெள்ளீயத்தை (tin) நடுவே ஒரு தோலாகப் போட்டுவிடுவதுதான் ஈயம் பூசுதல்.

பூசுவது அரைமணி நேர வேலை. வாங்கிய உலோகம் வெள்ளீயம்தானா என்று பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது, போகவும் வேண்டும். வெறுமனே ‘ஈயம்’ என்று கேட்டால் ரேடியோ வேலைக்கான பற்றாசுக் கம்பியை (solder) எடுத்துத் தரும் கடைகளும் உண்டு. அதில் 40 சதவீதம்கூட காரீயம் (lead, நஞ்சு) இருக்கலாம். பளபளப்பாக, இன்னும் எளிதாகவே ஒட்டும். ஆனால் சமையல் பாத்திரத்தில் அதற்கு இடமே இல்லை.

முதல் சோதனை வளைத்துப் பார்ப்பது. பென்சில் கனமுள்ள சுத்தமான வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒலி வரும். உள்ளே படிகங்கள் சட்டெனத் திசைமாறுவதால் வரும் ஒலி அது. காரீயம் சத்தமில்லாமல் வளையும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போலக் கோடும் போடும். இது முதல் வடிகட்டல் மட்டும்தான்.

அடுத்தது அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு போதும். 50 கிராம் துண்டை நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் உள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, துண்டை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கன அளவு, மி.லி.யில். 50 கிராம் சுத்த வெள்ளீயத்துக்கு 6.86 வர வேண்டும். 5 சதவீதம் காரீயம் கலந்திருந்தால் 6.74, பத்து என்றால் 6.61, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் உள்ள பற்றாசு என்றால் 5.88. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் துண்டில் குமிழி ஒட்டாது. ஒட்டிய குமிழி ஒவ்வொன்றும் கன அளவைக் கூட்டிக் காட்டி, கலப்பட உலோகத்தையும் நல்லதாக்கிவிடும். ஒரு சதவீதக் கலப்புக்கு எண் 6.83. இந்த வேறுபாட்டை இந்த முறை நம்பகமாகப் பிடிக்காது.

அதனால் உறைநிலையையும் பார்ப்பது நல்லது. இரும்புக் கரண்டியில் 100 கிராம் உருக்கி, வெப்பநிலை காட்டும் கே வகை உணர்கம்பி (thermocouple) உள்ள மல்டிமீட்டரை அதில் வைத்து ஆறவிட வேண்டும். (கம்பியை முதலில் கொதிக்கும் நீரில் வைத்து எவ்வளவு பிசகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.) வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உறையும். ஆனால் அதற்குக் கீழேயும் பல டிகிரி இறங்கித் திரவமாகவே நிற்கும். உறையத் தொடங்கிய நொடியில் எண் மேலே குதித்து 232 அருகே நின்று, முழுதும் கட்டியாகும் வரை அசையாது. கீழே இறங்கிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். குதித்தபின் நிற்கும் எண்தான் கணக்கு. காரீயம் கலந்திருந்தால் எண் நிலைத்து நிற்காமல் வழுக்கி இறங்கிக்கொண்டே போகும்; கலப்பு அதிகமானால் 183-இல் இன்னொரு முறை நிற்கும். அந்த 183 தென்பட்டால் அந்த உலோகத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் தேறினாலும் சிறு அளவு காரீயம் இல்லை என்று வீட்டுச் சோதனையால் உறுதி சொல்ல முடியாது. 99.9 சதவீதம் என்று சான்றோடு விற்பதை வாங்குவதே முறை. வீட்டுச் சோதனை அந்தச் சான்றைச் சரிபார்க்க மட்டும்.

எவ்வளவு வேண்டும்? இந்தப் பாத்திரத்தின் உள்பரப்பு, அடியும் சுவரும் சேர்ந்து, சுமார் 725 சதுர செ.மீ. 20 மைக்ரான் கனத்துக்கு பத்தரை கிராம் வெள்ளீயம். துடைப்பில் வீணாவதையும் சேர்த்து 25 கிராம் கையில் இருந்தால் போதும். பூசுவதற்கு முன்னும் பின்னும் பாத்திரத்தை நிறுத்தால் பூச்சின் கனம் கணக்கில் வந்துவிடும்: 11 கிராம் கூடியிருந்தால் ஏறத்தாழ 20 மைக்ரான்.

சுத்தம் செய்வதில் குறுக்குவழி கிடையாது. முதலில் சவுக்காரத்தால் எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு புளியும் உப்பும் மணலும் போட்டுத் தேய்ப்பு. கழுவி ஊற்றும்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிய வேண்டும்; முத்து நிற்கும் இடத்தில் ஈயம் பிடிக்காது. ஆசிட் ஊற்றி ஊறவைக்கும் வழக்கம் வேண்டாம். துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேற, பித்தளை இளஞ்சிவப்பாகும். மேலே மிஞ்சுவது நுண்துளை விழுந்த பலவீனமான செம்பு. அப்படிப்பட்ட திட்டு ஏற்கெனவே இருந்தால் மஞ்சள் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். ஒட்டுப்போட்ட பாத்திரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காரீயப் பற்றாசில் ஒட்டிய காதும் அடியும் இந்தச் சூட்டில் கழன்று விழும், காரீயமும் உள்ளே பரவும். பழைய பூச்சு எந்த உலோகத்தால் ஆனது என்று தெரியாவிட்டாலும் இதே சிக்கல்: அது புதிய ஈயத்தோடு கலந்துவிடும். சந்தேகமான பாத்திரத்தைப் பூ வைக்கப் பயன்படுத்துங்கள்.

இனி நெருப்பு. கரியடுப்பில் சூடு பரவலாக ஏறும். கேஸ் அடுப்பென்றால் இடுக்கியால் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாயம் திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று செய்ய வேண்டும். வெள்ளீயக் குச்சியைப் பாத்திரத்தின் உட்சுவரில் தொட்டால் உருகி வழிய வேண்டும், அதுதான் பதம். 250 முதல் 270 டிகிரி வரை வசதியானது. நவச்சாரப் பொடி (அம்மோனியம் குளோரைடு) ஒரு சிட்டிகை தூவியதும் வெண்புகை எழும். நவச்சாரம் சூட்டில் அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது பித்தளை மேலிருக்கும் ஆக்சைடைத் தின்று உலோகத்தை வெறுமையாக்குகிறது. அப்போது வரும் துத்தநாக குளோரைடும் அதே வேலைக்கு உதவும். பொடியில் ஒற்றிய பஞ்சால், அல்லது பழைய பருத்தித் துணியால், உருகிய ஈயத்தை அடியிலிருந்து விளிம்புக்கு இழுத்துத் தேய்க்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் கலந்த துணி உருகி ஒட்டிவிடும். எட்டு கிராம் அடிக்கும் கீழ்ச்சுவருக்கும், மிச்சம் மேலே, என்று இரண்டு தவணையாகப் போட்டால் பரப்புவது எளிது. ஒரே தடவையில் கொட்டினால் அடியில் குளம்போல் தேங்கி விளிம்பு வறண்டுபோகிறது.

ஈயம் பந்தாக உருண்டு ஓடினால் அழுக்கு இருக்கிறது. பொடி தூவிக் கம்பித் தூரிகையால் அந்த இடத்தைத் தேய்த்தால் சரியாகும். மணல்போலச் சொரசொரப்பாக நின்றால் சூடு போதவில்லை. பூச்சு மஞ்சளாகி நீலமாக மாறினால் சூடு மிஞ்சி ஆக்சைடு படலம் தடித்துவிட்டது. அந்தச் சூட்டில் செம்பும் ஈயமும் சேர்ந்து உடையும் தன்மையுள்ள சாம்பல் நிறக் கலவை அடுக்கும் வேகமாக வளரும். ஒட்டுவதற்கு அந்த அடுக்கு மெல்லியதாக வேண்டும்தான், தடித்தால்தான் கேடு. பளபளப்பு வந்ததும் நெருப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஈயம் உறைந்த பிறகே தண்ணீர் படலாம். உருகிய நிலையில் ஒரு துளி விழுந்தாலும் ஆவி வெடித்துத் தெறிக்கும்.

நவச்சார மிச்சம் போக, தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து இருமுறை கொட்டிவிட வேண்டும். பிறகு கசிவுச் சோதனை. வெள்ளை வினிகரை அரை அங்குலம் ஊற்றி, சாய்த்துச் சுவர்களை நனைத்து, ஓர் இரவு வைத்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அமோனியா நெடி போகாமல் நிலைக்கும்வரை அமோனியாக் கரைசலைச் சொட்டவிட வேண்டும். நீலம் எழுந்தால் எங்கோ செம்பு திறந்திருக்கிறது. விளிம்பு மடிப்பில்தான் பெரும்பாலும் அது கிடைக்கும். பஞ்சு எட்டாத இடம் அது.

புழக்கத்தில் தாளிப்பு கூடாது, காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பதும் கூடாது. உள்ளே நீர் இருக்கும்வரை சுவர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றினால் சில நிமிடங்களில் 232-ஐத் தொடும். முழுக்க வெள்ளீயத்தால் ஆன ரசச் சொம்பு அப்படித்தான் ஓட்டையாகிறது. வெள்ளீயம் நகத்தாலேயே கீறக்கூடிய உலோகம், எனவே மரக்கரண்டியும் தேங்காய் நாரும் மட்டும். 13 டிகிரிக்குக் கீழே வெள்ளீயம் சாம்பல் பொடியாக மாறும் என்று படித்துவிட்டு, பாத்திரத்தைக் குளிர்பெட்டியில் வைக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. குளிர்பெட்டிக் குளிரில் அந்த மாற்றம் மிக மெதுவானது. சமையலறைக்கு அது கவலையே இல்லை.