எடை கூடினால் ஆயுள் குறையும்

ஒரு நட்சத்திரம் எவ்வளவு காலம் ஒளிரும், எப்படி முடியும் என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்: பிறக்கும்போது அதன் நிறை. வேதிச்சேர்க்கையும் சுழற்சியும் கணக்கைக் கொஞ்சம் திருத்தும். நெருக்கமான துணை நட்சத்திரம் இருந்தால் மட்டும் கணக்கே புரண்டுவிடும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 10 கெல்வின் (சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிர்ந்த ஹைட்ரஜன் மேகம். சூடான மேகம் என்றால் வாயு அழுத்தம் ஈர்ப்பைத் தாங்கிவிடும்; குளிர்ந்திருப்பதால்தான் அடர்ந்த பகுதிகள் சரிந்து, துண்டாகி, மையம் சூடேறுகிறது. சூரிய நிறையில் 0.08 பங்குகூடத் தேறாத துண்டில் நிலையான ஹைட்ரஜன் இணைவு (ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகி ஆற்றல் தருவது; நட்சத்திரம் ‘எரிவது’ இதுதான்) பற்றிக்கொள்ளாது. போதுமான சூட்டை எட்டும் முன்பே, நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் அழுத்தம் சுருக்கத்தை நிறுத்திவிடும். அது பழுப்புக் குள்ளனாக ஆறிப்போகும். இந்த எலக்ட்ரான் அழுத்தத்தை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

நிறை 10 மடங்கு என்றால் எரிபொருளும் 10 மடங்கு. ஆனால் ஒளிர்வு சில ஆயிரம் மடங்கு! அதனால்தான் சூரியனுக்கு 1000 கோடி ஆண்டுகள் (460 கோடி ஓடிவிட்டது), 10 மடங்கு கனமானதற்கு 2, 3 கோடி ஆண்டுகள்தான். மறுமுனையில், 0.1 சூரிய நிறையுள்ள சிவப்புக் குள்ளன் லட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் தாங்கும். அதன் வாயு மையம் முதல் மேற்பரப்புவரை கொதிநீர் போலக் கலந்துகொண்டே இருப்பதால் ஏறக்குறைய முழு ஹைட்ரஜனும் பயன்படும். பேரண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள். இப்படி ஒன்றுகூட இன்னும் மூப்பால் சாகவில்லை.

எரிபொருள் தீர்ந்தால் சூரியன் ஏன் ஊத வேண்டும் என்று பலர் குழம்புவார்கள். தீர்வது மையத்தில் மட்டும். மையம் சுருங்கிச் சூடேற, அதைச் சுற்றிய ஹைட்ரஜன் ஓடு முன்னைவிட மூர்க்கமாக எரியும். வெளியடுக்கு விரிந்து செம்பூதமாகும். 10 கோடி கெல்வினில் ஹீலியம் பற்றும். பிறகு கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த மையம் மிஞ்சும். கார்பனை எரிக்கும் சூடு வராது. வெளியடுக்குகள் கழன்றுபோக, பூமி அளவுள்ள வெண்குள்ளன் மிஞ்சும். தாங்கிப் பிடிப்பது அதே எலக்ட்ரான் அழுத்தம். அதற்கும் எல்லை உண்டு, சுமார் 1.4 சூரிய நிறை. 1930இல் கப்பல் பயணத்தில் இந்தக் கணக்கைத் தொடங்கியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சுமார் 8 சூரிய நிறைக்கு மேல் கதை வேறு. 25 சூரிய நிறையுள்ள ஒன்றில் ஹைட்ரஜன் எரிய சுமார் 70 லட்சம் ஆண்டுகள், கார்பனுக்குச் சில நூறு ஆண்டுகள், சிலிக்கானுக்கு ஏறத்தாழ ஒரு நாள். கார்பன் கட்டத்திலிருந்து நியூட்ரினோக்கள் (எதோடும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) ஆற்றலைத் திருடிக்கொண்டு நேராக வெளியேறுவதே இந்த அவசரத்துக்குக் காரணம். கடைசியில் சேருவது இரும்பு. அதை இணைத்தால் ஆற்றல் வராது, செலவாகும். இரும்பு மையம் 1.4 எல்லையை நெருங்கியதும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அமுக்கப்பட்டு நியூட்ரான்களாகி, தாங்கிய அழுத்தமே காணாமல்போகும். ஒரு நொடிக்குள் மையம் சரிந்துவிடும். மிஞ்சுவது 20 சொச்சம் கிலோமீட்டர் அகல நியூட்ரான் நட்சத்திரம், இல்லாவிட்டால் கருந்துளை. வெளியாகும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்கள். கண்ணைப் பறிக்கும் வெடிப்பொளி வெறும் சில்லறை.

இப்படி வெடிக்கக் காத்திருக்கும் கனமான செந்நட்சத்திரம் திருவாதிரை (Betelgeuse). அது மங்கும்போதெல்லாம் "இதோ வெடிக்கப்போகிறது" என்று செய்தி வரும். 2019 கடைசியில் மங்கியதற்குக் காரணம் அது கக்கிய தூசி. மையத்தில் இறுதிக் கட்டங்கள் அவ்வளவு வேகமாக நடப்பதால் ஊதிப்போன வெளியடுக்குக்குச் சேதி போய்ச் சேரவே நேரம் இருக்காது. முந்தி வருவது நியூட்ரினோதான்: 1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த நட்சத்திரத்தின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் கருவிகளில் பதிவாகியிருந்தன.