ஜோவின் தொப்பி

நேற்று ராத்திரி நண்பர்களோடு டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் பற்றிப் பேச்சு. வழக்கம்போல் எல்லோரும் கல்யாணத்தன்று கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷத்தையே சுற்றி வந்தார்கள். நின்றுபோன கடிகாரம், மக்கிய கல்யாண கேக், மஞ்சளேறிய உடுப்பு. சரி, மறக்க முடியாத ஆள்தான். ஆனால் நான் கதாநாயகன் பிப்பின் அக்கா புருஷன், கொல்லன் ஜோ கட்சி.

லண்டன் போய்ப் பெரிய மனுஷனாகிவிட்ட பிப்பைப் பார்க்க அவர் வரும் இடத்தைப் படித்துப் பாருங்கள். தூக்கி வளர்த்த பையனையே 'சார்' என்கிறார். தொப்பியைக் கணப்புக்கு மேலே ஓரமாக வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது, இவர் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார். பிப்போ, காசு கொடுத்தாவது இவர் வருவதைத் தடுத்திருப்பேன் என்கிறான். அவனை ஓர் அறை விடலாம்போல் இருக்கும். (ஹாஸ்டலுக்கு மாமா மஞ்சள் பையோடு வந்தபோது நான் நெளிந்ததும் ஞாபகம் வரும், அது வேறு கதை.)

பிப் கடனில் மாட்டிக் காய்ச்சலில் கிடக்கும்போது பார்த்துக்கொள்வதும் ஜோதான். உடம்பு தேறியதும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். மேஜையில் சின்னக் கடிதம், உள்ளே கடனை அடைத்த ரசீது. 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் கடன்!

அப்புறம் முடிவைப் பற்றிச் சண்டை. டிக்கன்ஸ் முதலில் எழுதியதில் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் சேர்வதில்லை. 1861இல் நண்பரும் நாவலாசிரியருமான புல்வர்-லிட்டன் சொல்லித்தான் மாற்றினார். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதில் ஜோவின் குட்டி மகனோடு பிப் லண்டன் தெருவில் போகிறான். பிப்பின் பிள்ளை என்று நினைத்து எஸ்டெல்லா அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள்.