உம்மாவின் பால்மாவு டப்பா

அஜ்மீர் போய்ச் சேரும்வரை, இரண்டு இரவும் ரயிலில் அந்த டப்பாவை நான் மடியை விட்டு இறக்கவில்லை.

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றேகால் கிலோ. இன்குபேட்டருக்குள் அவனுக்கு மூச்சு திணறிய இரவில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உம்மா முந்தானையை ஏந்தினார்கள். "ஹாஜா நாயகமே, அல்லாஹ்விடம் கேட்டு இந்தப் பிள்ளையைத் தாங்க. இவனைக் கூட்டிட்டு வந்து உங்க தேக்கில் அரிசி போடுறேன்." ஹாஜா நாயகம் என்றால் அஜ்மீரில் அடங்கியிருக்கும் ஹாஜா முயீனுத்தீன் சிஷ்தி. தேக் என்பது அவர்கள் தர்காவில் நேர்ச்சைச் சோறு ஆக்கும் பெரிய அண்டா. கீழக்கரையில் பிறந்தவர்களுக்கு ஏர்வாடி தர்கா கூப்பிடு தூரம், நாகூரும் எட்டாத ஊர் இல்லை. ஏன் அஜ்மீர் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அந்த நேரத்துல வாயில அவங்க பேருதான் வந்துச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

மறுவாரத்திலிருந்து வெள்ளி இரவு தவறாமல் அந்த டப்பாவில் ஏதாவது போடுவார்கள். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பெருநாளைக்கு நாங்கள் கொடுத்த காசு. போகலாம் போகலாம் என்று வருடங்கள் ஓடின. 2022இல் உம்மா மவுத்தானார்கள். நாற்பது கழிந்து பீரோவைத் திறந்தபோது டப்பா கனமாக இருந்தது. கொட்டிப் பார்த்தால், சில்லறைக்கு அடியில் மூன்று பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், நான்காக மடித்தபடி. 2016இல் நாங்கள் எல்லாரும் பேங்க் வாசலில் வரிசையில் நின்றபோதுகூட உம்மா இதை எடுத்துக் கொடுக்கவில்லை. நேர்ச்சைக் காசில் கைவைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகும் இரண்டு வருடம் ஓடிவிட்டது. சரி, இனியும் தள்ளக்கூடாது என்று டிசம்பரில் கிளம்பிவிட்டோம். மகனுக்கு 11 வயது.

ஜெய்ப்பூரில் இறங்கி அஜ்மீர் போய்ச் சேரும்போது வியாழன் மதியம். அந்தக் குளிர் நம் கடற்கரை உடம்புக்கு ஆகவே ஆகாது. தர்கா பஜாரில் ரோஜாவும் அத்தரும் போர்வைக் கடைகளும் தோளை இடிக்கின்றன. ஹைதராபாத் நிஜாம் உஸ்மான் அலிகான் கட்டிக்கொடுத்த வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் தமிழிலேயே, "வாங்கம்மா, கீழக்கரையா, காயல்பட்டினமா?" என்றார். அவ்வளவு தூரத்தில் நம் ஊர்ப் பேரைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிடம் நோட்டை விரித்து, பெயர் எழுத 5,100 ரூபாய் என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றதும் இன்னும் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஹாஜாவைக் கரீப் நவாஸ் என்பார்கள், ஏழைகளை ஆதரிப்பவர் என்று அர்த்தம். அவர்கள் வாசலிலேயே ஏழையிடம் இப்படி விலை பேசுகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு உள்ளே நடந்தோம்.

வெள்ளி இரவுக் கூட்டம். எங்கள் கணக்கில் வியாழன் பொழுது சாய்ந்தாலே வெள்ளி இரவுதான். ரவ்ழா என்கிற அடக்கத்தலத்தின் வாசலில் நெருக்கியடித்ததில் மகன் முன்னால் போய்விட்டான். நான் எட்டிப் பிடித்தபோது அவனுக்கு இழுப்பு ஆரம்பித்திருந்தது. குறைமாதப் பிள்ளை, குளிரென்றால் நெஞ்சு கூவும். மருந்துப் பையோ இவர் கையில், இவர் எங்கோ பின்னால். அன்றைக்கு வராந்தாவில் உம்மா நின்ற மாதிரி நான் நின்றேன்.

யாரோ ஒரு வயதான அம்மா எங்களை இழுத்துப் போய் பளிங்குத் தூண் ஒன்றின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பேகமி தாலான் என்கிற முன்மண்டபம் அது. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா கட்டியது. அந்த அம்மா பேசியது எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மகன் நெஞ்சில் கைவைத்து ஓதி ஊதினார்கள். அதற்குள் முரசு ஒலித்தது. மஃரிப் தொழுகைக்கு முன்னால் ரவ்ழாவில் விளக்கேற்றும் நேரம். மெழுகுவத்திகளை ஏந்திக்கொண்டு உள்ளே போகிறார்கள். பார்ஸி மொழியில் பைத் பாடல் கேட்கிறது. அத்தனை நேரம் முட்டி மோதிய கூட்டம் அப்படியே கையேந்தி நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்டது. கூவல் குறைந்து, குறைந்து, சீராகி, என் தோளில் சாய்ந்தான். இவர் மருந்தோடு வந்து சேர்ந்தபோது அது தேவைப்படவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணோம்.

அப்புறம்தான் உள்ளே போனோம். வீட்டிலிருந்தே ஒரு பெரிய பட்டியல் போட்டு வந்திருந்தேன். நாத்தனார் மகள் கல்யாணம், இவர் வியாபாரம், என் முட்டிவலி. அடக்கத்தலத்தின் மேல் விரித்த போர்வையின் ஓரம் நெற்றியில் பட்டதும் ஒன்றும் நினைவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தேக் பார்க்கப் போனோம். பெரியதை அக்பரும் சின்னதை ஜஹாங்கீரும் கொடுத்தார்கள். பெரியதில் ஒரே தடவையில் 4,800 கிலோ வரை சோறாகும் என்கிறார்கள். நம் ஊர்க் கந்தூரி தேக்சாவெல்லாம் அதன் பக்கத்தில் சாயாக் குவளை. சின்னதில் இரவெல்லாம் வெந்த இனிப்புச் சோற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி, சீனி, நெய், முந்திரி, குங்குமப்பூ. கறி சேர்ப்பதே இல்லை, எல்லா மதத்தாரும் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

அக்பரும் பிள்ளைக்காக இங்கே நேர்ந்தவர்தான். 1569இல் சலீம் பிறந்தார். மறுவருடம் ஆக்ராவிலிருந்து கால்நடையாகவே வந்து நேர்ச்சையை நிறைவேற்றினார். அந்தப் பிள்ளைதான் பின்னால் ஜஹாங்கீர். இதையெல்லாம் உம்மா எங்கே படித்தார்கள்? ஆனால் பிள்ளை வரம் கேட்க யாரிடம் போக வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

படியேறிப் பெரிய தேக்கின் விளிம்பில் நின்றோம். வாங்கி வந்த அரிசி மூட்டையை இவர் சாய்த்தார். டப்பாவை மகன் கையில் கொடுத்தேன். கவிழ்த்தான். ஒன்பது வருடத்துச் சில்லறை கலகலவென்று சரிந்து ஆழத்தில் போய் விழுந்தது. பழைய தாள்கள் மூன்றும் டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. "இது செல்லாதேம்மா?" என்றான். போடு வாப்பா, அங்கே செல்லும் என்றேன். ஒவ்வொன்றாகப் போட்டான்.

ஊர் திரும்பியதும் ரோஜா இதழும் சீனி மிட்டாயும் பொட்டலம் கட்டித் தெருவுக்கெல்லாம் நார்சா (தர்காவின் நேர்ச்சைப் பொருள்) கொடுத்தோம். உம்மாவின் தங்கை படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ராத்தா காசைப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள்.

"போட்டாச்சு சின்னும்மா."