4,000 வெள்ளி கிரெடிட்டும் அரைச் சம்பளமும்: நாற்பதுக்கு மேல் வேலை மாறிய அனுபவம்

சிங்கப்பூரில் பயிற்சிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பைகளிலிருந்து கொடுக்கிறது, எந்தப் பை எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. வேலை போகும்வரை எனக்கும் அதைத் தெரிந்துகொள்ளத் தேவை வரவில்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கப்பல் ஆவணப் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். 2025இல் அந்தப் பிரிவையே வெளிநாட்டுக்கு மாற்றினார்கள். எனக்கு வயது 47, மாதச் சம்பளம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான்.

முதலில் கைகொடுத்தது பயிற்சித் திட்டமே இல்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் வளர்ப்பு இயக்கத்தின் கீழ் 2025 ஏப்ரலில் தொடங்கிய, வேலை தேடுவோருக்கான ஆதரவுத் திட்டம்தான் அது. தானாக வேலையை விட்டவர்களுக்குக் கிடையாது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் இருந்தவர்களுக்கும் கிடையாது. முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, அப்புறம் மூன்று மாதத்துக்கு 750 வெள்ளி என்று இறங்கிக்கொண்டே போகும். மொத்தம் 6,000. சும்மா தரமாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பது, ஆலோசகரைப் பார்ப்பது, வகுப்புக்குப் போவது என்று ஒவ்வொரு மாதமும் புள்ளி சேர்த்துக் காட்ட வேண்டும். தொகை இப்படிக் குறைந்துகொண்டே போவது சீக்கிரம் ஓடு என்று முதுகில் தட்டுவதற்குத்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேலை செய்தது.

பயா லேபார் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வாழ்நாள் கற்றல் கழகத்தில் வேலைவாய்ப்பு ஆலோசகரைப் பார்த்தேன். அவர் என்னிடம் எந்த வகுப்பில் சேர ஆசை என்று கேட்கவில்லை. மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தைத் திறந்து, "நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்களை எடுத்துப் படியுங்கள். எந்தத் திறன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். இந்த நடைமுறை முழுவதிலும் எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவுரை அதுதான். சரக்குத் துறை விளம்பரங்களைப் புரட்டப் புரட்ட எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல், அதை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ என்ற மூன்றும் வந்துகொண்டே இருந்தன. ஆவணம் தயாரிக்க ஆள் கேட்டவர்கள் குறைவு. ஆவணத்தில் இருக்கும் தகவலை அலசிச் சொல்ல ஆள் கேட்டவர்கள் நிறைய.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். இதில் மூன்று தனித்தனிப் பைகள் இருக்கின்றன. குழப்பம் எல்லாம் இவற்றை ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

முதலாவது மானியம். இது நம் கைக்கு வராது. வகுப்புக் கட்டணத்திலேயே கழித்துவிடுவார்கள். நான் சேர்ந்தது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தின் கீழ் வரும் தரவுப் பகுப்பாய்வு வகுப்பு, முழு நேரம், சில மாதங்கள். இந்தத் திட்டத்தில் மானியம் 70 விழுக்காட்டில் தொடங்குகிறது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான குடிமக்களுக்கு 90 விழுக்காடு. நீண்ட காலம் வேலையில்லாதவர்களும் உடற்குறையுள்ளவர்களும் 95 விழுக்காடு வரை பெறலாம். முழுக் கட்டணம் 12,000 வெள்ளி என்று பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது. மானியம் போக, பொருள் சேவை வரியும் சேர்த்து எனக்கு வந்த பில் சுமார் 1,500 வெள்ளி.

இரண்டாவது கிரெடிட், அதாவது வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும் பயன்படுத்த அரசாங்கம் நம் பெயரில் போட்டு வைக்கும் தொகை. 25ம் அதற்கு மேலும் வயதான குடிமக்களுக்கு 500 வெள்ளி என்று 2016இல் தொடங்கியது. 2024 மே மாதத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள். இந்த 4,000த்துக்குக் காலாவதி இல்லை. ஆனால் எல்லா வகுப்புக்கும் செல்லாது, வேலைக்கு உதவும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான். கேக் செய்யப் பழகுவதற்கும் போட்டோ எடுக்கப் பழகுவதற்கும் இதைத் தொட முடியாது. பழைய 500 வெள்ளியில் அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போனவர்கள் என் புளோக்கிலேயே உண்டு, அதில் தப்பும் இல்லை.

கிரெடிட் கேட்பதை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக முடித்துவிட வேண்டும். பணம் நேராகப் பயிற்சி நிலையத்துக்குப் போகும். ஆரம்பத்தில் நம் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது. போகாத வகுப்புக்குப் பணம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்ட பிறகு, 2017இல் வழியை மாற்றினார்கள். அதே வருடம் பயிற்சி மானியத்தில் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியை ஒரு கும்பல் போலி நிறுவனங்களை வைத்துச் சுருட்டியதும் வெளியே வந்தது. இன்று படிவத்துக்குப் படிவம் கேட்கிறார்களே என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு அந்தக் கும்பலுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது பயிற்சிப் படி. இதுதான் என் குடும்பத்தைக் காப்பாற்றியது. நாற்பதைத் தாண்டியவர் முழு நேரம் படித்தால், கடைசி 12 மாத வருமானத்தின் சராசரியில் பாதியை மாதாமாதம் தருகிறார்கள். குறைந்தது 300 வெள்ளி, அதிகபட்சம் 3,000. வாழ்நாளில் 24 மாதங்கள் வரை பெறலாம். எனக்கு 1,900 வெள்ளி. பாதிச் சம்பளத்தில் எப்படி ஓட்டுவது என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஒருநாள் மனைவிதான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 3,800 வெள்ளியில் மசேநிக்கு (மத்திய சேமநிதி) 20 விழுக்காடு பிடித்துக் கைக்கு வந்தது 3,040. படியில் மசேநி பிடிப்பதில்லை. ஆக 3,040 இருந்த இடத்தில் 1,900. பாதியைவிடப் பரவாயில்லை என்று இருவரும் மூச்சு விட்டோம். மறுபக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் மசேநியிலிருந்துதான் போகிறது. முதலாளி போடும் 17 விழுக்காடும் நின்றுவிட்டது, என் 20ம் நின்றுவிட்டது. மசேநியில் சாதாரணக் கணக்கு என்ற பிரிவில் இருந்த சேமிப்புதான் மாதாமாதம் கரைந்தது. படி வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மசேநி சாதாரணக் கணக்கில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்பதைத்தான். விளம்பரச் சுவரொட்டிகளில் இது இருக்காது. முதல் தொகை என் கணக்குக்கு வந்தபோது வகுப்பு தொடங்கி ஒரு மாதம் தாண்டியிருந்தது, அதற்கும் தயாராக இருங்கள்.

என் பக்கத்து இருக்கையில் 38 வயதுப் பெண் ஒருவர், தனியாகக் குழந்தையை வளர்ப்பவர். அதே வகுப்பு, அதே ஆசிரியர். அவருக்கு மானியம் 70 விழுக்காடுதான். 4,000 வெள்ளி கிரெடிட் இல்லை, பயிற்சிப் படியும் இல்லை. இருந்த கிரெடிட்டைப் போட்ட பிறகும் கிட்டத்தட்ட மூவாயிரம் வெள்ளி கைக்காசு. சாயங்காலம் சாப்பாட்டு அங்காடியில் பகுதி நேர வேலைக்கு ஓடுவார். நாற்பதில் ஒரு கோடு போட்டால் எங்காவது ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கத்தான் செய்வார் என்பது புரிகிறது. ஆனால் வருமானமும் குடும்ப நிலைமையும் கேட்டுக் கோட்டைக் கொஞ்சம் வளைப்பதற்கு இந்த ஊரில் தரவுக்கா பஞ்சம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு என்று முதலாளிகள் மாதாமாதம் ஒரு தீர்வை கட்டுகிறார்கள். 1979இலிருந்து இருக்கும் திறன் மேம்பாட்டுத் தீர்வை. சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, கூடியது 11.25 வெள்ளி. எனக்காக மாதம் 9.50 வெள்ளி போயிருக்கிறது. வேலை அனுமதியில் வந்திருக்கும் நம்மூர்த் தம்பிகளுக்கும் சேர்த்தே முதலாளி இதைக் கட்டுகிறார். வகுப்புக் கட்டண மானியம் மட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நீண்டகால வருகை அட்டைக்காரர்களில் ஒரு பிரிவினருக்கும் உண்டு. எங்கள் கிடங்கில் கொள்கலன் பிரிக்கும் தம்பி ஒருவர் "அண்ணே, எனக்கும் ஏதாவது கிளாஸ் கிடைக்குமா?" என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார். இந்தப் பணத்தில் கிடைக்காது.

வகுப்புக்கு வருவோம். காலையில் ஆசிரியர் திரையில் கியூஆர் குறியீட்டைப் போடுவார், நாங்கள் சிங்பாஸ் செயலியில் ஸ்கேன் செய்ய வேண்டும். மதியம் மறுபடியும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மானியமே சிக்கலாகும் என்பதால் எல்லோருக்கும் அந்தக் குறியீட்டின் மேல் ஒரு பயம். கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் கோளாறு வந்த ஒரு காலையில் பாதி வகுப்பு மூச்சிரைக்க ஓடி வந்து, உட்காருவதற்கு முன் கைப்பேசியைத் திரைக்கு நேரே நீட்டியது. மீன் வாங்க முண்டியடிக்கும் கூட்டம் தோற்றுவிடும்.

எக்செல் எனக்குப் பழக்கம். எஸ்க்யூஎல் ஒரு வாரத்தில் பிடிபட்டது. பைத்தான் என்ற நிரல்மொழிதான் படுத்தியது. இருபதுகளில் இருந்த மலாய்ப் பையன் ஒருவன் "அங்கிள், இன்டென்டேஷன்" என்று, வரித் தொடக்கத்தில் விட வேண்டிய இடைவெளி தப்பிய இடத்தை என் திரையில் காட்டிக் காட்டியே என்னைக் கரையேற்றினான். நான் அவனுக்கு இறுதித் திட்டப்பணியில் கைகொடுத்தேன். மற்றவர்கள் வீட்டு விலை, திரைப்பட மதிப்பீடு என்று ஆயத்தமாகக் கிடைக்கும் தரவுகளை எடுத்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததை எடுத்தேன்: கொள்கலன்களைத் தாமதமாக எடுப்பதால் விழும் டெமரேஜ் கட்டணம். பெயர்கள் எதுவும் இல்லாமல் நானே மாதிரிப் பட்டியல் ஒன்றை உருவாக்கினேன். தொழிலில் நடப்பதுபோலவே சில வரிகளில் நாள் முதலிலும் சில வரிகளில் மாதம் முதலிலும் வரும்படி தேதிகளைக் குழப்பி வைத்தேன். 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? கப்பல் வந்த தேதியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த ஒரு தேதி நெடுவரிசையைச் சுத்தம் செய்யவே திட்டப்பணியின் பெரும்பகுதி நேரம் போனது. ஆசிரியருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலை தேடித் தரும் பகுதியில்தான் ஏமாற்றம். சேருவதற்கு முன் பயிற்சி நிலையத்தின் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் "வேலை கட்டாயம் கிடைக்கும்" என்ற ரீதியில் பேசினார். வகுப்பு முடிந்ததும் வந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வேலை விளம்பர இணைப்புகள்தான். சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சென்ற தொகுதியில் படித்தவர்கள் எந்தப் பதவிகளில் சேர்ந்தார்கள், எந்த முதலாளிகள் நேர்காணலுக்கு வருகிறார்கள். மழுப்பினால் அடுத்த நிலையத்தைப் பாருங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது பழைய தொழில் நண்பர் ஒருவர் மூலம். நடுத்தர அளவுச் சரக்கு நிறுவனம், அறிக்கைகள் தயாரிக்கும் பொறுப்பு. நேர்காணலில் சான்றிதழை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. டெமரேஜ் திட்டப்பணியைத் திரையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். செயல்பாட்டு மேலாளர் அந்தத் தேதி நெடுவரிசையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார், அவருக்கும் அதே தலைவலி. அப்புறம் மனிதவள அதிகாரி, நான் இதற்கு முன் இதே மாதிரிப் பதவியில் இருந்திருக்கிறேனா என்று துருவித் துருவிக் கேட்டார். அரசாங்க வேலைவாய்ப்பு அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரின் பணிமாற்றத் திட்டம்தான் அதற்குக் காரணம். அதில், தொழில் மாறி வரும் ஒருவரை எடுத்துப் பயிற்சி கொடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு ஆதரவு கிடைக்கும். நாற்பதைத் தாண்டியவர் என்றால் 90 விழுக்காடு வரை. என் வயது ஒரு நிறுவனத்துக்குச் சாதகமாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

சம்பளம் 3,500. முன்பைவிட 300 குறைவு, மசேநி மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. வகுப்பு முடிந்ததும் கருத்துக்கேட்பு இணைப்பு ஒன்று வந்தது. ஆசிரியரைத் தாராளமாகப் பாராட்டினேன், வேலை தேடும் உதவிக்குக் குறைந்த மதிப்பெண் போட்டேன். மைஸ்கில்ஸ்ஃபியூச்சரில் வகுப்பின் பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்கள் இப்படிப் படித்தவர்கள் போடுவதுதான். சேருவதற்கு முன் அதைப் பாருங்கள், முடித்த பிறகு நீங்களும் சோம்பல் படாமல் போட்டுவிடுங்கள்.