நிற்காமல் போகும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

8.12 வண்டியைப் பாலத்துப் படியில் இறங்கும்போதே விட்டேன். அடுத்தது 8.32. நடுவில் 8.27க்கு, எங்கள் நிலையத்தில் நிற்காத ஒரு ஃபாஸ்ட் ரயில், ஹாரனை விடாமல் அடித்தபடி, என் சட்டையைக் காற்றில் உப்ப வைத்துவிட்டு ஓடியது. உள்ளே காலி இருக்கைகள்கூடக் கண்ணில் பட்டன. வயிற்றெரிச்சல் அதுதான். "ஒரு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சிடும்?" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் பொதுவாகக் கேட்டுவைத்தார். எனக்கும் அதே சந்தேகம்.

ஜூன் 4, புதன்

இன்று முன்னதாகவே வந்துவிட்டேன். சுற்றிப் பார்க்க ஒன்றும் இல்லாத நிலையம். போக ஒரு தடம், வர ஒரு தடம், இரண்டு பிளாட்பாரம், ஒரு நடைபாலம், ஒரு டிக்கெட் கவுன்ட்டர், பாதி நாள் தூங்கும் ஒரு டிக்கெட் இயந்திரம். ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். கேட்டேவிட்டேன். "சார், ஃபாஸ்ட் வண்டி இங்க கொஞ்சம் நின்னுட்டுப் போனா என்ன சார்?"

சிரித்தார். "நிக்கறது அரை நிமிஷம்தான் தம்பி. நிறுத்தறதும் கிளப்பறதும் யார் கணக்குல சேரும்?" அதற்குள் அறையில் போன் அடித்தது, போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

அந்தக் கணக்கை இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வண்டி மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடியும் 0.8 மீட்டர் வேகம் குறைகிறது என்றால், நிற்க 31 விநாடி. கிளம்பும்போது 0.5 மீட்டர்தான் கூடுகிறது என்றால், பழைய வேகத்துக்கு வர 50 விநாடி. ஆக 81 விநாடி. நிற்காமல் போயிருந்தால் அதே தூரத்தைப் பாதி நேரத்தில் தாண்டியிருக்கும். நஷ்டம் 40 விநாடி. பயணிகள் ஏறி இறங்க 30. மொத்தம் 70 விநாடி.

எங்களையும் சேர்த்து ஃபாஸ்ட் தாண்டிப்போகும் நிலையங்கள் பத்து. 700 விநாடி, கிட்டத்தட்ட 12 நிமிடம். சரி, 8.12க்கும் 8.32க்கும் நடுவே ஏன் அவ்வளவு பெரிய ஓட்டை என்பதும் இப்போது புரிகிறது. போகும் திசைக்கு இருப்பது ஒரே தடம். 15 நிமிடம் முன்னால் போன வண்டியை, கடைசி நிலையம் வருவதற்குள் ஃபாஸ்ட் மூன்று நிமிட இடைவெளிக்கு நெருங்கிவிடும். நடுவில் இன்னொரு ஸ்லோவைச் செருகினால், ஃபாஸ்ட் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் சிக்னலாகப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து வரவேண்டியதுதான்.

பெரியவரிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

மாலை வண்டி நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பி, எங்கள் நிலையம் வருவதற்குள் தாமதம் ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. வழியில் எதுவும் பழுதாகவில்லை. தாமதமான வண்டிக்கு ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் கூடுதல் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரம் ஆகிறது. அதனால் அடுத்த நிலையத்தில் இன்னும் தாமதம், இன்னும் கூட்டம். பின்னாலேயே வரும் வண்டி காற்று வாங்கிக்கொண்டு வரும். இது பேருந்துகளிலும் நடக்கும் கூத்துதான்.

இன்னொன்று, பாலத்துப் படி இறங்கும் இடத்துக்கு நேராக நிற்கும் பெட்டிகளில்தான் எல்லோரும் முண்டுகிறார்கள். வண்டி முழுவதும் தயாராக இருந்தாலும் அந்த ஒரு கதவு சீராகும்வரை நகராது.

ஜூன் 11, புதன்

பிளாட்பாரக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்னால் ஓடுகிறது. சுவிட்சர்லாந்து ரயில்வேயின் கடிகாரம் நினைவுக்கு வந்தது. 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைத்தது. பிற்பாடு சேர்த்த சிவப்பு விநாடி முள் சுமார் 58.5 விநாடியில் ஒரு சுற்றை முடித்து, உச்சியில் நின்று காத்திருக்கும். மையக் கடிகாரத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின் துடிப்பு வந்ததும் நிமிட முள் தாவும், சிவப்பு முள்ளும் மறுபடி கிளம்பும். முள்ளின் முனையில் உள்ள சிவப்பு வட்டம், வண்டியைக் கிளப்ப நிலைய ஊழியர் உயர்த்திக் காட்டும், கைப்பிடி வைத்த வட்டத் தகட்டின் வடிவம். ஒன்றரை விநாடி நிற்பதற்கே எவ்வளவு ஏற்பாடு!

ஜூன் 13, வெள்ளி

ஓடினேன். நான் படியில் தடதடவென்று வருவதைக் கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு பார்த்துவிட்டு மணி அடிக்காமல் நிறுத்திவைத்தார். ஏறினேன். 15 விநாடி இருக்கும். பழைய பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "தம்பிக்காகத்தான் நின்னுச்சா?" என்றார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. செல்போனில் ஏதோ முக்கியமாகப் படிப்பதுபோல இருந்துகொண்டேன்.

ஜூன் 18, புதன்

இப்போதெல்லாம் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்துவிடுகிறேன். அங்கே நிற்கும் பெட்டியில் சில நாள் உட்காரவும் இடம் கிடைக்கிறது. இன்று பெரியவரும் கூட வந்தார்.

8.27 வந்தது. ஹாரன் இல்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து, எங்கள் முன்னால் நின்றேவிட்டது. முன்னே சிக்னல் சிவப்பு. "பாத்தீங்களா, நின்னுடுச்சு!" என்று பெரியவர் என் கையைப் பிடித்தார். உள்ளே இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். சிலர் மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஏறுவதா வேண்டாமா என்று அவர் ஒரு காலை எடுத்து வைத்ததும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பிவிட்டது.

எங்கள் 8.32 இன்று 8.36க்கு வந்தது.