ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தம்

அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே அட்டாக் வந்ததால், இதய நோய் பற்றிய ஒரு மரபணு ஆராய்ச்சியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் கொடுத்ததோடு மறந்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு போன்: "உங்க சாம்பிள்ல உங்க உடல்நலத்துக்குப் பயன்படுற தகவல் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சுக்க விரும்புறீங்களா?"

என்னவென்று போனில் சொல்லவில்லை. வேண்டாம் என்றாலும் விட்டுவிடுவார்களாம். ஒப்புதல் படிவத்தில் 'தெரிவிக்கலாம்' என்று டிக் அடித்திருந்தேனாம், யாருக்கு நினைவிருக்கிறது?

நேரில் போனேன். எல்டிஎல்ஆர் என்ற மரபணுவில் கோளாறு என்றார் கவுன்சலர். ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள அதுதான் வேண்டுமாம். எனக்குப் பிறந்ததிலிருந்தே அந்த வேலை அரைகுறை. பேசிக்கொண்டே குதிகாலுக்கு மேல் கயிறு மாதிரி இருக்குமே, அந்தத் தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தடித்திருந்தது. ஷூ உரசி வந்த தடிப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்! கொலஸ்ட்ரால் படிந்ததாம். கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும் விதத்தைக் கண்டறிந்ததற்கு 1985இல் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ரிப்போர்ட்டை மட்டும் கையில் தரவில்லை. ஆராய்ச்சி லேபில் சாம்பிள்கள் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு போகின்றன. எங்காவது டியூப் மாறியிருந்தால்? அதனால் புதிதாக ரத்தம் எடுத்து, நோயாளிகளுக்கு ரிப்போர்ட் தரும் லேபில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினார்கள். காத்திருந்தது எரிச்சல்தான், ஆனால் நியாயம். உறுதியானதும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்களிடம் சொல்வதுதான் பெரிய வேலை. அக்காவுக்கும் என் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களை நேரடியாகக் கூப்பிட மாட்டார்கள். நான்தான் சொல்லியாக வேண்டும். கொடுப்பதற்கு ஒரு கடிதம் தந்தார்கள். அக்கா மறுநாளே டெஸ்ட் எடுத்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் விடும் சித்தப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டெய்லி மீன் துன்றேன், எனக்கு இன்னாடா கொழுப்பு?" என்றார். ஒல்லியான மனுஷன் வேறு. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அவர் மகன் சத்தமில்லாமல் போய்க் கொலஸ்ட்ரால் பார்த்திருக்கிறான். எல்டிஎல் என்ற அந்தக் கெட்ட கொழுப்பு 190ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும், அவனுக்கு 230. ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்ததும் அப்பாவை அவனே வண்டியில் உட்காரவைத்து லேபுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.